கையில் கேட்ட பாட்டு

பேயாண்டியைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையை மிதிக்க வேண்டும். பெயர் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினாலும் பயனில்லை. பிறந்ததிலிருந்தே அவனுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. குதிகாலால் மண்ணில் ஓங்கி ஒரு மிதி மிதித்தால் போதும், தள்ளி நின்று முதுகைக் காட்டிக்கொண்டிருப்பவன் சட்டென்று திரும்பிப் பார்ப்பான். ஊரில் அவனை ஊமையன் என்று சொன்னவர்களோடு நான் கைகலப்பு வரைக்கும் போயிருக்கிறேன். குலசாமி பேரை வைத்திருக்கிறான், அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வலிக்கிறதா என்று கேட்பேன். எனக்குக் கோபம் கொஞ்சம் முந்திக்கொண்டுதான் வரும்.

எங்கள் ஊர் வாடிப்பட்டிக்கு மேற்கே. பேயாண்டி பகலெல்லாம் செங்கல் காளவாசலில் கல் சுமப்பான், சாயங்காலமானால் கபடி. எங்கள் குழுவில் அவனுக்கு இடது மூலை, அடுத்த இடம் எனக்கு. பிடிக்கிறவர்கள் பக்கத்து ஆளோடு கை கோத்து நிற்பதுதான் வழக்கம். அதனால் அவன் கை, காய்ப்புக் காய்த்த அந்தச் சொரசொரப்பான கை, பல வருஷம் என் கைக்குள் இருந்தது. பாடி வருகிறவன் எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்பது அந்த ஆளுக்கே தெரியுமுன் இவனுக்குத் தெரிந்துவிடும். எப்படியடா என்று சைகையில் கேட்டால் உள்ளங்காலைத் தொட்டுக் காட்டுவான். வெளியூர் ஆட்கள் பேருக்கேற்ற ஆள்தான் என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். எங்களுக்குப் பெருமையாக இருக்கும்.

அவனுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. ஒரு தடவையாவது பாடிப் போய் பாயிண்ட் எடுக்க வேண்டும். எதிரணிப் பக்கம் போகிறவன் மூச்சை விடாமல் ‘கபடி, கபடி’ என்று பாடிக்கொண்டே போக வேண்டும். அது நடுவர் காதில் விழ வேண்டும். வாய் பேசாதவனிடம் பாட்டு எங்கே இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு மத்தியானம், ஆளில்லாத மைதானத்தில், என் கையைப் பிடித்து இழுத்துத் தன் தொண்டைக் குழியில் வைத்துக்கொண்டான். உள்ளே ஏதோ அதிர்ந்தது. மூன்று மூன்றாக, விடாமல். க, ப, டி. காதைக் கொண்டுபோய் அவன் வாயருகே வைத்தேன், ஒன்றுமே கேட்கவில்லை. கையை வைத்தால் மட்டும் இருந்தது. பாடி வந்தவர்களை இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடிக்கும்போதெல்லாம் அவர்கள் நெஞ்சுக்கூட்டிலிருந்து அதைப் படித்திருக்கிறான். உச்சி வெயிலில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

போன வருஷம் வாடிப்பட்டிப் போட்டியில் அந்த வாய்ப்பு தானாக வந்தது. நாங்கள் ஒவ்வொருவராக அவுட்டாகி வெளியே உட்கார்ந்துவிட, உள்ளே பேயாண்டி மட்டும் நின்றான். கடைசி ஆள் பாடிப் போயே ஆக வேண்டும். நான் வெளியிலிருந்து தரையை மிதித்தேன். போனான். ஓரத்தில் நின்றவனின் முழங்காலுக்குப் பின்னால் இடது கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கோட்டுக்குத் திரும்பிவிட்டான். ஆனால் விசில் வேறு மாதிரி ஒலித்தது. நடுவராக இருந்த உடற்பயிற்சி ஆசிரியர் சிவக்குமார், பாட்டு கேட்கவில்லை, ரெய்டு செல்லாது என்றார். பேயாண்டி ஓடிப்போய் அவர் வலது கையைப் பிடித்துத் தன் தொண்டைக்குக் கொண்டுபோனான். அவர் வெடுக்கென்று உருவிக்கொண்டார்.

“ஒவ்வொருத்தன் கழுத்தையும் பிடிச்சுப் பாத்துக்கிட்டா பாயிண்ட் குடுக்க முடியும்? காதுல விழுகணும்ப்பா.”

நான் அவரோடு போட்ட சண்டையை இரண்டு போலீஸ்காரர்கள் வந்துதான் விலக்கினார்கள். சட்டப்படி அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பேயாண்டி சண்டை போடவில்லை. வீடு வரைக்கும் தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொண்டு நடந்து வந்தான்.

ஆடி மாசம் மஞ்சள் காமாலை முற்றிப் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் பெயரில் கோப்பை வைத்து ஒரு போட்டி நடத்தலாம் என்று அவன் மனைவி முத்துமீனாவிடம் போய்ச் சொன்னோம்.

“கோப்பையெல்லாம் இருக்கட்டும்ணே. முத ரெய்டு அவுகளுக்கு விடுங்க. ஒருக்கா பாடிட்டு வரட்டும்.”

நடுவராக வர சிவக்குமாரே ஒத்துக்கொண்டார். முப்பது நொடி யாரும் போக வேண்டாம், மரியாதைக்காக விடலாம், பாயிண்ட் மட்டும் கிடையாது என்று கண்டிப்பாகச் சொன்னார். எதிரணி மதுரைக் கல்லூரிப் பையன்கள். பேயாண்டியை அவர்கள் பார்த்ததே இல்லை.

வெயில் இன்னும் இறங்கவில்லை. மைக்கை நிறுத்தினார்கள். விசில் ஊதியதும் பழக்கதோஷத்தில் என் கால் தரையை ஓங்கி மிதித்துவிட்டது.

எதிரில் பையன்கள் முதலில் இளித்துக்கொண்டுதான் நின்றார்கள். பிறகு அந்தச் சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்தது. யாரும் சொல்லாமலே கை கோத்துக்கொண்டார்கள். பின்வாங்கினார்கள். ஏழு தலையும் ஒன்றாக இடப்பக்கம் திரும்பியது, பிறகு மெதுவாக வலப்பக்கம். தண்ணீர் தெளித்திருந்த மண்ணில் புதுத் தடம் ஒன்றுகூட விழவில்லை. நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது, அதைச் சொல்ல என்ன வெட்கம்.

வலது ஓரத்தில் நின்ற சூரியபிரகாஷ் என்ற பையன் சட்டென்று குனிந்து தன் காலைப் பார்த்தான். கோத்த கையை விட்டான். நேரே கோட்டைத் தாண்டி வெளியே போய், அவுட்டானவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டான். என்னடா இது கூத்து என்று அவர்கள் கேப்டன் திட்டினான்.

“தொட்டுட்டாருண்ணே,” என்றான் பையன். “முழங்காலுக்குப் பின்னாடி.”

எல்லாரும் சிவக்குமாரைப் பார்த்தோம். அவர் இடது கை மேலே எழுந்தது, ஒரு விரல் நீட்டியபடி. எங்களுக்கு ஒரு பாயிண்ட்.

எனக்குப் பழைய கோபம் அப்படியே தலைக்கேறியது. விறுவிறுவென்று அவரிடம் போனேன். அன்றைக்குக் கேட்காத பாட்டு இன்றைக்குக் கேட்டுவிட்டதாக்கும் என்றேன். அவர் தலையாட்டினார், இல்லை என்று. முகத்தில் ரத்தமே இல்லை.

“காதுல கேக்கலய்யா,” என்று சொல்லி வலது கையை என் கையில் வைத்தார்.

அவர் உள்ளங்கை அதிர்ந்துகொண்டிருந்தது. மூன்று மூன்றாக, விடாமல். நாங்கள் இருவரும் அப்படியே நிற்க, அது மெல்லக் குறைந்து நின்றுபோனது.

கயிற்றுக்கு வெளியே முத்துமீனா நின்றிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை.

“பாடுனாகளாண்ணே?”

“பாடிட்டான் ஆத்தா,” என்றேன். “கோட்டுக்கும் திரும்பிட்டான்.”