மரத்துச் சொறி

முதுகலை ஆய்வுக்காக, கோத்தா திங்கிக்கு அருகே ஒரு சிறு நகரத்தின் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களில் லைக்கன்களைக் கணக்கெடுக்கப் போனேன். பூஞ்சையும் பாசியும் ஓருடலாகக் கூடி வாழும் உயிர் அது. பட்டையோடு ஒட்டிப் படர்வது ஒரு வகை, இலைபோல் விளிம்பு தூக்கி நிற்பது ஒரு வகை, தாடிபோல் தொங்குவது இன்னொன்று. எங்கள் தாழ்நிலத்து வெக்கையில் ஒட்டிப் படர்வதுதான் அதிகம். நீளத் தாடியைப் பார்க்க மலையேற வேண்டும். புகை மிகுந்தால் பல வகைகள் பிழைக்காது. எந்த மரத்தில் எது இருக்கிறதென்று குறித்தால் அந்தத் தெருவின் காற்றைப் பற்றி ஓரளவு சொல்லிவிடலாம்.

"கல்பாசிதானே? அதைத்தான் நம்ம செட்டிநாட்டுக் கறிக்குப் போடுறோம். கடையில பாக்கெட்ல கிடைக்குது, அதுக்குப் போயி ரெண்டு வருஷப் படிப்பா?" என்றார் அம்மா. உறவினர்களிடம் நான் மருந்து ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லிவைத்தார்.

ஒருவகை லைக்கன் கருப்பு மையில் கிறுக்கியதுபோல் இருக்கும். பூதக்கண்ணாடியுடன் நான் அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க, மோட்டார் சைக்கிளை நிறுத்திய ஒருவர் பணிவோடு கேட்டார்: "மிஸ், நாலு நம்பர் தெரியுதா?" இல்லை என்றேன். நம்பாமல், லாட்டரி எண் தேட மரத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போனார்.

முதல் சுற்றில் பெயர் தெரியாதவற்றைப் படமெடுத்து வைத்தேன். மாதிரி எடுக்க அடுத்த மாதம் திரும்பியபோது, மரங்கள் எல்லாம் இடுப்புயரத்துக்குமேல் பளபளவென்று கழுவப்பட்டு, கீழே சுண்ணாம்பு அடிக்கப்பட்டிருந்தன. தூய்மை நகரப் போட்டி வருகிறதாம். தண்ணீர்க் குழாயோடு நின்றிருந்த மேஸ்திரி பெருமையாகச் சொன்னார்:

"மரத்துக்கெல்லாம் சொறி புடிச்சிருந்துச்சு மிஸ். ஜெட் வெச்சு அடிச்சுத் தள்ளிட்டோம் லா."

"அண்ணே, அது சொறி இல்ல. அதத்தான் நான் படிக்கிறேன்."

"அலமாக்!" என்று பதறிக் குழாயை நிறுத்தினார். கொஞ்ச நேரம் மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தக் கடைசி மரத்துல கெரெங்கா எறும்பு கூடு கட்டியிருக்கு. யாரும் கிட்ட போகல. அது அப்படியே இருக்கு, பாருங்க."

இருந்தது. எறும்புக்கடி வாங்கிக்கொண்டே அந்த ஒரே மரத்தில் பதினொரு வகைகளை எடுத்தேன். மேஸ்திரி ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் நாலைந்து கடி.

பேராசிரியர் சொற்படி நகரமன்றத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தேன்: கழுவிய மரங்களில் லைக்கன் இல்லை, கடைசி மரத்தில் மட்டும் பதினொரு வகை. பூங்காப் பிரிவு அதிகாரியும் நம்மவர்தான். அக்கறையாகப் படித்தார்.

"ரொம்ப நல்ல ரிப்போர்ட். மத்த மரம் எல்லாம் சுத்தம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அந்த ஒரு மரத்தை மட்டும் ஏன் விட்டாங்க? நாளைக்கே கழுவச் சொல்றேன்."

"சார், லைக்கன் இருக்குறதுதான் நல்ல அடையாளம்..."

"படிச்சவங்க நீங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா போட்டி ஜட்ஜுங்க படிச்சிருக்க மாட்டாங்கல்ல?"

மறுநாள் வேலையை மேற்பார்வையிட அவரே வந்தார். மேஸ்திரி எவ்வளவோ தடுத்தும் கேட்காமல் மரத்தடியில் நின்று, "இங்க அடிங்க" என்று கை காட்டினார். மேஸ்திரி சொன்னபடி அடித்தார். மேலிருந்த இலைக்கூடு கிழிந்து எறும்புகள் அதிகாரியின் சட்டைக் காலரில் இறங்கின. அவர் காரை நோக்கி ஓடியதை எதிர்க் காப்பிக்கடையே எழுந்து நின்று பார்த்தது. அன்றோடு அந்த மரத்தைக் கழுவும் உத்தரவு ரத்தானது.

நகரத்துக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. எனக்குப் பட்டம் கிடைத்தது. அதற்கு முன் நடந்த ஆய்வேட்டு நேர்முகத் தேர்வில், "லைக்கன் பரவல் என்று தலைப்பு வைத்துவிட்டு ஒரே மரமா?" என்று தேர்வாளர் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தலைப்பில் 'பரவல்' என்பதை அடித்துவிட்டு, 'நகராட்சிப் பராமரிப்பின் தாக்கம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.