கேபினுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே

ஓமானில், சோஹார் துறைமுகத்துப் பக்கம் நான் வேலை பார்த்த லாரி யார்டில் நிழல் என்று ஒன்று உண்டென்றால் அது வண்டிக்கு அடியில்தான். டயர் வெந்த வாடையும் டீசல் பிசுக்கும் சேர்ந்த நிழல். அதில் மல்லாந்து கிடந்துதான் அந்தக் கணக்கைப் போட்டேன்.

கேட்டவர் எங்கள் ட்ரெய்லர் டிரைவர் அண்ணன், ராமநாதபுரம் பக்கத்துக்காரர். துறைமுகத்தில் இரும்புக் குழாய் ஏற்றிப் பாலைவனத்துக்குள் எண்ணெய்க் கிணறுகள்வரை போய் வருவார்.

"தம்பி, ஏசி மாஃபி, செத்துப்போச்சு. பாட்டில வாயில வச்சா வெந்நியா இருக்கு. கேபின் முதுகுல ஒரு ஐஸ் பெட்டி மாட்டணும். டிப்ளமா படிச்சவன்தானே நீ? ட்ரெய்லர் வந்து இடிக்காம எவ்வளவு எடம் கெடைக்கும்னு பாத்துச் சொல்லு."

வண்டி நேராக நிற்கும்போது அளந்தால் இடம் தாராளமாகத் தெரியும்; அது பொய். வண்டி வளையும்போது ட்ரெய்லர் தன்னை லாரியோடு கோத்திருக்கும் இரும்பு முளையை நடுவாக வைத்துச் சுழலும். அதன் முன்மூலை வட்டம் போட்டுக்கொண்டு கேபினின் முதுகை நோக்கி வரும். முளையிலிருந்து அந்த மூலைவரை அளந்தேன். முளையிலிருந்து கேபின்வரை அளந்தேன். இதில் அதைக் கழித்தேன். பள்ளத்திலிருந்து மேடேறும்போது கேபின் பின்னால் சாயுமே, அதற்கு ஒரு சாண் விட்டேன். பெட்டிக்கு ஒரு முழம் தேறியது. சாக்பீஸால் கோடு கிழித்தேன். வெயில் கண்ணைப் பிடுங்கியது, ஆனாலும் சிரித்துக்கொண்டேன். யாரோ ஒருவருக்குக் குளிர்ந்த தண்ணீர், என் கழித்தலில் இருந்து!

மேனேஜர் சென்னைக்காரர். கோட்டைப் பார்த்தார்.

"இவ்ளோ இடம் சும்மாவா கெடந்துச்சு? வெரி குட்பா. எக்ஸ்ட்ரா டீசல் டேங்க் ஒண்ணு போட்ரலாம். வழியில பங்க்ல நிக்கிற வேலையே இருக்காது."

"சார், அது டிரைவருக்கு ஐஸ் பெட்டி வைக்க..."

"ஜன்னலத் திறந்து ஓட்டச் சொல்லு. யல்லா, சீக்கிரம் வெல்டரக் கூப்பிடு."

அந்த பங்க் எனக்குத் தெரியும். பள்ளிவாசல் ஓரத்தில் குளிர்ந்த தண்ணீர்க் குழாய். எதிரே தகரக் கொட்டகை நிழல். டீசல் நிரம்பும்வரை அண்ணன் அங்கே முகம் கழுவுவார், வயிறு முட்டக் குடிப்பார், காலை நீட்டிச் சற்றுக் கிடப்பார். டீசலுக்காக நின்றால்தான் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். தாகத்துக்காக நின்றால் போனில் கேள்வி வரும். பெட்டியும் போயிற்று, பங்க்கும் போயிற்று. நான் கிழித்த கோட்டுக்குள் டேங்க் அச்சாக உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு சுத்தமான வேலை! தூ.

முதல் நடை முடித்து அண்ணன் யார்டில் இறங்கியபோது உதடு வெளுத்து உப்புப் பூத்திருந்தது. குழாயடியில் குனிந்து நெடுநேரம் குடித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"கணக்கு கச்சிதம் தம்பி. எங்கயும் ஒரசல. பங்க்க மட்டும் ஒரசிக்கிட்டே போனேன். வேடிக்க பாத்தேன்."

புது டேங்கை விரலால் தட்டிப் பார்த்தார்.

"அந்த டேங்குக்கும் ட்ரெய்லருக்கும் நடுவுல இன்னும் ஏதும் மிச்சம் இருக்கா?"

"இருக்குண்ணே. ஆனா ஆபத்துக்கு விட்ட இடம் அது."

"இருக்கட்டும், இருக்கட்டும்," என்றார், மேனேஜரின் அறையைப் பார்த்தபடி. "அவருகிட்ட மட்டும் சொல்லிப்புடாத."