கொன்றைவயலில் நிற்கும் ரயில்

ஐம்பது வயதுப் பெண் கம்ப்யூட்டரில் ரயில் விட்டு விளையாடுகிறார் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? அறந்தாங்கியில் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரஞ்சிதா அந்தச் சிரிப்பை நிறையப் பார்த்தவர். ஆதார் அட்டையைக் கண்ணாடி மேல் கவிழ்த்துப் பொத்தானை அமுக்குவார். மெஷின் இரண்டு நகல் துப்புவதற்குள் திரையில் ஒரு பனைமரத்தை நட்டிருப்பார். "சிரிங்க, சிரிங்க. மரம் கோணாம நின்னாச் சரி."

அந்த விளையாட்டில் ரயிலை ஓட்டலாம். வேண்டுமானால் தண்டவாளம், பாலம், நிலையம் எல்லாவற்றையும் நாமே போட்டுக்கொள்ளலாம். ரஞ்சிதா ஓட்டுவது கொஞ்சம், போடுவதுதான் அதிகம். நான்கு வருடமாக ஒரே பாதையைப் போட்டுக்கொண்டிருக்கிறார்: மீட்டர்கேஜ் காலத்தில் காரைக்குடிப் பக்கமிருந்து அறந்தாங்கிக்கு வந்த பாதை. அதில் அவர் பிறந்த ஊரான கொன்றைவயல் ஒரு சின்ன நிறுத்தம்.

விளையாட்டைச் செய்தவர்களுக்குக் கொன்றைவயலைத் தெரிய நியாயமில்லை. முதல் நாள் பொட்டல் முழுக்க ஊசியிலை மரங்கள் முளைத்தன. பருவத்தை மாற்றி வைத்துவிட்டதால் அவற்றின் மேல் பனி வேறு. அத்தனையையும் அழித்துவிட்டுப் பனை, கருவை, ஈச்சஞ்செடி என்று போனில் படமெடுத்து, ஓரம் வெட்டி, ஒவ்வொன்றாக ஏற்றினார். மனிதர்களை மட்டும் மாற்றத் தெரியவில்லை. கொன்றைவயல் பிளாட்பாரத்தில் இன்றைக்கும் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள்தான் பெட்டியோடு நிற்கிறார்கள்.

மீமிசலிலிருந்து மீன் ஏற்றிவரும் மினி லாரி ஓட்டுகிறவர் கணவர் சரவணக்குமார். அவருக்கு இதில் ஒரே குஷி. "ஒங்க ஊர்ல எல்லாரும் கோட்டுப் போட்டுத்தான் ரயிலேறுனாகளா?"

"மீன் நாத்தத்தோட பொண்ணு பாக்க வந்தவுக கோட்டப் பத்திப் பேசக் கூடாது மாமா."

நிஜக் கொன்றைவயல் நிறுத்தத்தில் அந்தக் காலத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சும் ஒரு குழாயும் இருந்தன. கீழத்தெருப் பெண்ணான ரஞ்சிதாவின் வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒற்றையடிப் பாதை நேராக அங்கே போகும். ஊர்க் கிணற்றில் அவர் தெருக்காரர்கள் வாளி இறக்க முடியாது. மேலத்தெருவைத் தாண்டுவதென்றால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். பிளாட்பாரத்துக் குழாயில் யார் வேண்டுமானாலும் கை ஏந்தலாம். காலை ரயிலில் மேலத்தெருப் பிள்ளைகளோடு தோளிடித்து உட்கார்ந்து அறந்தாங்கிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "ஜன்னலோரம் எப்பவும் எனக்குத்தான். ஓடிப்போயிப் புடிச்சிருவேன். எந்திரின்னு ஒரு பய சொல்ல முடியாது. பாஸ எடுத்துக் காட்டுவேன்ல."

ரயிலுக்குச் சமத்துவக் கொள்கை ஒன்றும் கிடையாது. காசு கட்டியவரைச் சாதி கேட்டு இறக்கிவிட அதற்குச் சட்டம் இல்லை, அவ்வளவுதான். ஆயிரம் வருடச் சாத்திரத்தால் முடியாததை ஓர் அட்டைத் துண்டு செய்தது. ஊர் ஞாபகமா என்று கேட்டால் ரஞ்சிதாவுக்குக் கோபம் வருகிறது. "ஊரு மேல எனக்கென்ன ஆசை? அந்தப் பெட்டிக்குள்ள இருந்த அர மணி நேரந்தான் எனக்கு ஊரு." திரையில் அந்த ஜன்னலோரத்திலிருந்து பார்க்கிற மாதிரி கேமராவை வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொள்வார். அப்போது ஜெராக்ஸுக்கு வந்தவர் சற்றுப் பொறுக்கத்தான் வேண்டும்.

பிறகு ரயிலை நிறுத்திவைத்து மீட்டர்கேஜ் பாதையை அகலமாக்கினார்கள். ரயில் திரும்பி வந்தது, கொன்றைவயல் நிறுத்தம் திரும்பி வரவில்லை. ரயில் இப்போது நிற்காமல் போகிறது. கீழத்தெருப் பெண்பிள்ளைகள் பஸ்ஸுக்கு மேலத்தெருவைக் கடந்து நடக்கிறார்கள்.

போன வாரம், நிறுத்தத்தைத் திரும்பக் கேட்டு மனு அடிக்கக் கடைக்கு வந்தவர் முனியசாமி. மேலத்தெருக்காரர், முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர். அவருடைய அப்பாவிடம் ரஞ்சிதாவின் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பேசியவர். ரஞ்சிதா இவரை "அண்ணே" என்பார். எழுதி வந்த தாளைப் படித்ததும் ரஞ்சிதாவின் விரல் நின்றுவிட்டது. நிறுத்தம் பழைய இடத்தில் இல்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளி, மேலத்தெருவுக்கு அப்பால் கேட்டிருந்தார்.

"அங்கிட்டுத்தாம்மா ரோட்டு வசதி இருக்கு. ஒன் கம்ப்யூட்டர் ரயில் படத்துலயும் நிறுத்தத்த அப்பிடி நகட்டி ஒரு காப்பி எடு, மனுவோட சேத்துருவோம். மவுஸால இழுக்குறதுதான?"

"எங்க புள்ளைக ஒங்க தெரு வழியால்ல வரணும்?"

"வரட்டுமே. இந்தக் காலத்துல யாரும்மா சைக்கிள விட்டு எறங்கச் சொல்றா?"

"சொல்லமாட்டாகண்ணே. பாப்பாக."

முனியசாமி சட்டைப் பையைத் தடவினார். ரஞ்சிதா ஸ்டூலை இழுத்துப் போட்டார். "ஒக்காருங்க. நீங்க சொன்ன எடத்துலயே நிப்பாட்டிக் காட்டுறேன்." இப்போது ஓடுகிற நீளத்தில் எட்டுப் பெட்டி ரயிலைக் கிளப்பி, அவர் கேட்ட இடத்தில் நிறுத்தினார். கேமராவைப் பின்னால் கொண்டுபோனார். கடைசி மூன்று பெட்டிகள் காட்டாற்றுப் பாலத்தின் மேல் நின்றன.

"இந்த மூணு பெட்டியில இருக்கவுக எங்கிட்டு எறங்குவாக? ஆத்துலயா?"

"கம்ப்யூட்டர்ல அப்பிடித்தான் தெரியும்."

"பாலத்துலேருந்து ரோட்டு வரைக்கும் அஞ்சு பெட்டிக்குத்தான் எடம், நானும் எங்க மாமாவும் நாடா புடிச்சு அளந்தோம்ணே. வெயில்ல ரெண்டு நாளு. நம்பிக்க இல்லாட்டி நாடா தாரேன், நீங்களும் அளங்க."

பிறகு ரயிலைப் பழைய இடத்துக்கு ஓட்டினார். எட்டுப் பெட்டியும் மேட்டு நிலத்தில் நேராக நின்றன. கோட்டுப் போட்டவர்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். முனியசாமி அதை முழுவதும் பார்த்தார். பார்த்துவிட்டுத் தாளை மடித்துக்கொண்டு எழுந்தார். கண்ணால் கண்டதை ஒப்புக்கொள்வது சிலருக்குச் சொத்தை எழுதிக்கொடுப்பது போல.

"நான் வேற கடையில அடிச்சுக்கிறேன்."

"அடிங்கண்ணே. நானும் ஒண்ணு அடிக்கிறேன்."

அடித்தார். பழைய இடத்தையே கேட்டு ஒரு பக்க மனு, அளவுகள் ஒரு பக்கம், பாலத்தின் மேல் மூன்று பெட்டி நிற்கும் படமும் பழைய இடத்தில் எட்டுப் பெட்டி நிற்கும் படமும் ஒரு பக்கம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் இரண்டு மனுக்களும் மேசைக்கு வரும். முனியசாமி மனுவில் மேலத்தெரு முழுக்கக் கையெழுத்து விழுந்துவிட்டது. ரஞ்சிதாவிடம் கீழத்தெரு மட்டும் இருக்கிறது, அது போதாது.

அதனால் நகல் எடுக்க வருகிறவர்களிடம் மனுவை நீட்டுகிறார். "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க" என்று பேனாவின் மூடியைக் கழற்றி, கூர்முனையைத் தன் பக்கம் திருப்பிக் கொடுக்கிறார். அந்தப் பாதையில் ரயிலேறுகிறவரா நீங்கள்? எந்தத் தெருக்காரரானாலும் சரி, ஞாயிற்றுக்கிழமைக்குள் போய் அந்தப் பேனாவைக் கையில் வாங்குங்கள்.