மீன் பொரிக்கும் குசினி யாருடையது

வீட்டை விட்டு வெளிக்கிடச் சொல்லும் செய்தி எங்களுக்கு ஒரு கிண்ணம் பாயசத்தோடு வந்தது. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஏழு வருடமாக நாங்கள் வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்ற்றின், அதாவது நிலக்கீழ்த் தளத்தின், படியில் வீட்டுக்கார அங்கிள் வந்து நின்றார். கிண்ணத்தை அம்மாவின் கையில் கொடுத்தார். கஜு கொஞ்சம் கூடப் போட்டிருப்பதாகச் சொன்னார். அதே மூச்சில், இந்த மாத முடிவோடு இடத்தை விட்டுத் தரவேண்டும் என்றும் சொன்னார்.

“என்ர அண்ணற்ற மகன் ஊரில இருந்து வாறான். அவனுக்கு ஒரு இடம் வேணும். நாங்கள் ஒரு குடும்பம் மாதிரித்தானே, உங்களுக்கு விளங்கும்.”

குடும்பம் மாதிரி என்று ரொறன்ரோவில் ஒரு வீட்டுக்காரர் சொன்னால், கையில் ஒரு துண்டுக் கடதாசியும் தரமாட்டார் என்று அர்த்தம். நாங்கள் குடிவந்த நாளில் ஒப்பந்தம் எழுதலாமா என்று அப்பா கேட்டதும் அங்கிளின் முகம் வாடிப்போனது. தமிழாக்களுக்குள்ளே என்ன எழுத்து என்றார். கேட்ட குற்றத்துக்காக அப்பா மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தார்.

இப்போதும் அப்பா மன்னிப்புக் கேட்கும் முகத்தோடுதான் இருந்தார்.

“அண்ணை கேட்டா விடத்தானே வேணும். கோட்டு, வழக்கு எண்டு திரிஞ்சா நாளைக்குக் கோயில்ல முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

அப்பாவுக்கு மிசிசாகாவில் விமான நிலைய வேலை, கையில் கார். எங்கே குடிபோனாலும் அவருக்கு வேலை இருக்கும். அம்மாவின் கதை வேறு. இரண்டு தெரு தள்ளியுள்ள முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் காலை ஆறு மணிக்கு நிற்கவேண்டும். நடந்தே போவார். அம்மா கார் ஓட்டமாட்டார், ஆங்கிலத்தில் பேருந்து வழி கேட்கமாட்டார், அந்த நேரத்தில் ஒழுங்கான பேருந்தும் இல்லை. இந்தத் தெருவை விட்டால் அந்த வேலையும் போகும். அம்மா தன் பெயர் எழுதிய சின்ன அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு போன முதல் வேலை அது.  அன்றைக்கு அவர் பாயசத்தைக் குடிக்காமல் மூடி வைத்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அம்மா நான்காம் வகுப்போடு நின்றவர், அப்பா அதற்கும் முன்னாலேயே. நான் பல்கலைக்கழகம் வரை போய் மண்ணியலில் பட்டம் வாங்கினேன். அதில் எனக்குப் பெருமை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் ஆட்களுக்குப் பட்டம் என்றால் பட்டம்தான், எதில் என்று யாரும் கேட்பதில்லை. வரிப் பத்திரம், மருந்துச் சீட்டு, சித்தியின் விசா, எல்லாமே என்னிடம்தான் வரும். மண்ணைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

ஆகவே சட்டமும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்தேன். தெரியாததால் குடும்ப வாட்சப் குழுவில் கேட்டேன். லண்டனில் இருக்கும் சித்தப்பா ஐந்து நிமிடத்தில் குரல் செய்தி அனுப்பினார்.

“சும்மா வாயால சொன்னாச் செல்லாது பிள்ளை! எழுத்தில ரெண்டு மாச நோட்டீஸ் தரவேணும். நான் என்ர வீட்டுக்காரனை ரெண்டு தரம் கோட்டுக்கு இழுத்தனான். ஒருக்கா எழுதிப் போடு, ஆள் நடுங்கிப்போவார்!”

அவர் அனுப்பிய இணைப்பில் எல்லாம் தெளிவாக இருந்தது. அன்றே உட்கார்ந்து, நான் எழுதியதிலேயே ஆகச் சிறந்த ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதினேன். சட்டத்தின் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டேன். மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கிள் நடுங்குவதற்காகக் காத்திருந்தேன்.

அங்கிள் அதை வீடு விற்கும் ஏஜென்ற் நண்பரிடம் காட்டியிருக்கிறார். அடுத்த நாள் சிரித்துக்கொண்டே படியிறங்கி வந்தார்.

“பிள்ளை, இது இங்கிலாந்துச் சட்டமாமெல்லே. அரண்மனைக்கு அனுப்பவேண்டிய கடிதத்தை மாறி எனக்குத் தந்திட்டாய்.”

இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் ராசா ஒருவர்தான், சட்டம் வேறு. இருபது வருடமாக லண்டன் சொல்வதைக் கேட்டே நாங்கள் கல்யாணம் பேசுகிறோம், காது குத்துகிறோம், கார் வாங்குகிறோம். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் வாடகைச் சட்டத்தையும் லண்டனில் கேட்க எனக்குத் தோன்றியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. படித்த பிள்ளை என்பதால் அதை அச்சடித்து, கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன். படிக்காதவள் என்றால் வாயால் மட்டும் உளறியிருப்பாள்.

அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இலவச சட்ட உதவி நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி, உரிமை கேட்டு வந்த எனக்கு முதலில் கடமைகளை வாசித்தார். வாடகை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா, வீட்டில் சேதம் ஏதும் உண்டா, சத்தம் போடுவீர்களா? நோட்டீஸ் வந்தாலும் வாடகையை நிறுத்தக்கூடாது. எல்லாவற்றுக்கும் நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன்.

பிறகுதான் உரிமைகள் வந்தன. எழுத்து இல்லாவிட்டாலும் வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். வீட்டுக்காரருக்கு இடம் வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, குறைந்தது அறுபது நாள் தரவேண்டும். யாருக்காகக் கேட்கலாம் என்றும் ஒரு பட்டியல் இருக்கிறது: அவர், அவருடைய மனைவி, பிள்ளைகள், பெற்றோர், அவர்களைப் பராமரிக்க வருகிறவர். அண்ணனின் மகன் அதில் இல்லை. நாங்கள் போக மறுத்தால் அவர் வாடகைத் தீர்ப்பாயத்துக்குத்தான் போகவேண்டும். தானாகப் பூட்டை மாற்றக்கூடாது.

எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது போல இருந்தது. அப்போது அவர் கடைசியாக ஒன்று கேட்டார்: குசினியையோ குளியலறையையோ வீட்டுக்காரரோடு பகிர்ந்துகொள்கிறீர்களா?

இல்லை என்றேன்.

“என்னவாம்?” என்று அம்மா கேட்டார். சொன்னேன்.

“அப்ப ஏன் இல்லையெண்டனி? மேல் வீட்டு அக்கா கீழ வந்துதானே மீன் பொரிக்கிறவா! சொல்லு, பொய் சொல்லக்கூடாது.”

சொன்னேன். பெண்மணியின் பேனா நின்றது.

ஒரு வெள்ளைக்காரருக்கு இதை விளங்கப்படுத்துவது கடினம். எங்கள் ஆட்களின் வசதியான வீடுகளில் குசினி இரண்டு. மேலே இருப்பது பார்க்க, கீழே இருப்பது சமைக்க. அம்மா அக்கா என்றது அங்கிளின் மனைவியை, எனக்கு அவர் அன்ரி. அவருடைய மேல் குசினியில் வெள்ளைக் கல் மேசையும் ஆறு அடுப்பும் உண்டு. கைபிடிகளில் கடையில் ஒட்டிய பிளாஸ்ரிக் இன்னும் உரிக்கப்படவில்லை. வருகிறவர்களை அங்கே அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டுவார். அங்கே ஒரு கடுகுகூட வெடித்தது கிடையாது. மீன், இறைச்சி, கருவாடு எல்லாம் எங்கள் அடுப்பில்தான். புதனும் சனியும் அன்ரி பொரிக்கும் தாச்சிச் சட்டியோடு கீழே வருவார். மணம் எங்களுக்கு, குழம்பு அவர்களுக்கு.

வீட்டுக்காரரோடு குசினியைப் பகிர்ந்தே ஆகவேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்று பெண்மணி சொன்னார். குடிவரும்போது அப்படிப் பேசிக்கொண்டீர்களா? இல்லை, அன்ரி இரண்டு வருடம் கழித்து, மேல் குசினியைப் புதிதாகக் கட்டிய பிறகுதான் இறங்கி வரத் தொடங்கினார். அப்படியானால் எங்கள் பக்கம் பலமாகத்தான் இருக்கிறது, ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார். அங்கிளுக்குக் கொடுக்க ஒரு கடிதம் எழுதித் தந்தார். இந்த முறை சரியான நாட்டுச் சட்டம்.

அதைக் கொடுப்பதற்குள் அங்கிளே எங்களைத் தேநீருக்கு மேலே அழைத்தார். பகிர்ந்த குசினி பற்றிய அதே விதியை ஏஜென்ற் நண்பரும் கண்டுபிடித்திருந்தார். மேசையில் ஒரு தாளும் பேனாவும் தயாராக இருந்தன. றிச்மண்ட் ஹில்லிலிருந்து அவர்களுடைய மகளின் மாமியாரும் வந்திருந்தார். குசினியைச் சுற்றிப் பார்த்த களைப்பில் உட்கார்ந்திருந்தார். அன்ரி கடையில் வாங்கிய ரோல்ஸைத் தன் கையால் செய்தது என்று பரிமாறிக்கொண்டிருந்தார்.

“தம்பி, இதில ஒரு சைன் வை,” என்று அங்கிள் அப்பாவிடம் பேனாவை நீட்டினார். “ஒண்டுமில்லை, குசினி ரெண்டு வீட்டுக்கும் பொது எண்டு. நாங்கள் சமைக்கிறது கீழதானே.”

“கீழயோ?” என்றார் மாமியார்.

அன்ரியின் கையில் இருந்த தட்டு அசையாமல் நின்றது. “ஆர் கீழ சமைக்கிறது?”

“நீதான். புதனும் சனியும்.”

“விசர்க்கதை கதையாதேங்கோ! இவ்வளவு பெரிய குசினியை வைச்சுக்கொண்டு நான் பேஸ்மென்ற்றில போய்ச் சமைப்பனோ?”

“இஞ்ச, இது சட்ட விசயம். நீ சும்மா இரு.”

“உங்கட சட்டத்துக்காக என்னை ஆக்களுக்கு முன்னால பேஸ்மென்ற் பொம்பிளை ஆக்காதேங்கோ!”

“இல்லையக்கா, நீங்கள்…” என்று அம்மா வாயைத் திறந்தார். உண்மைக்கு இவ்வளவு பிடிவாதமான சாட்சியை நான் கண்டதில்லை. மேசைக்கு அடியில் அம்மாவின் காலை மிதித்தேன்.

“அப்ப அன்ரி, உங்கட சமையல் முழுக்க இந்தக் குசினியிலதானோ?”

“வேற எங்க பிள்ளை?”

“கீழ இருக்கிறது எங்கட குசினி மட்டும்?”

“ஓம். அதுக்கென்ன இப்ப?”

மாமியார் சுற்றும் முற்றும் பார்த்தார். “ஆனா நல்லாத்தான் வைச்சிருக்கிறியள் சம்பந்தி. சமைக்கிற இடம் மாதிரியே தெரியேல்லை.”

அப்பா பேனாவை மெதுவாக மேசையில் வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக மன்னிப்புக் கேட்காத குரலில் பேசினார். “அண்ணை, அக்காவே இல்லையெண்டு சொல்லுறா. நான் எப்பிடிச் சைன் வைக்கிறது?”

நான் உடனே சட்ட உதவி நிலையத்துக் கடிதத்தைக் கொடுத்தேன். அங்கிள் பட்டியலை இரண்டு தடவை வாசித்தார்.

“அண்ணற்ற மகன் எனக்குப் பெறாமகன். பெறாமகனும் மகன்தானே பிள்ளை.”

“சட்டம் பெத்த பிள்ளையைத்தான் கேக்குது அங்கிள்.”

மாத முடிவு வந்தது, போனது. ஒருவரும் பெட்டி கட்டவில்லை. அம்மா விடியப்புறம் பெயர் அட்டையைக் குத்திக்கொண்டு நடந்துபோனார். அன்ரி மட்டும் புதனும் வரவில்லை, சனியும் வரவில்லை. மாமியார் முன்னால் சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற அவருக்கு இப்போது மேலே சமைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டாவது சனி மத்தியானம் மேலே புகை மணி அலறத் தொடங்கியது. அங்கிள் குளிரோடு குளிராக எல்லா ஜன்னல்களையும் திறக்கும் சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழும்பினார்.

“எங்க போறியள்?”

“பாவம் அக்கா. அந்த அடுப்பு அவவுக்குப் பழக்கமில்லை.”

“அம்மா, நீங்கள் அங்க போய்ச் சமைச்சா அதுவும் பகிர்ந்த குசினி ஆகிடும்!”

“உன்ர சட்டம் வந்து மீன் பொரிக்குமோ?” என்று கேட்டுவிட்டு அம்மா படியேறினார்.

அது பகிர்ந்த குசினி ஆகுமா என்று திங்கட்கிழமை சட்ட உதவி நிலையத்துக்கு நான் போன் எடுத்தது உண்மை. அந்தப் பெண்மணி முதலில் முழுக் கதையையும் கேட்டார். பிறகு, ஆகாது, உங்கள் அம்மாவைச் சமைக்க விடுங்கள் என்றார்.

அந்தச் சனி அம்மா ஒரு மணித்தியாலம் கழித்து இறங்கி வந்தார். கையில் நான்கு துண்டு பொரித்த மீன், தலைமயிரில் புகை மணம்.

“பெறாமகன் மேல சாமி அறைக்குப் பக்கத்து அறையில இருக்கட்டாம். அக்கா சொல்லிப்போட்டா, அங்கிளும் ஓமெண்டிட்டார்.”

எங்கள் வீடு எங்களுக்கே என்று ஆனது. தீர்ப்பாயத்தில் பேசுவதற்காக நான் மூன்று பக்கம் எழுதி, கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கி வைத்திருந்தேன். அதைக் கேட்க இனி ஆள் கிடையாது. மீனைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கடைசி வரி வரைக்கும் மரியாதையாகக் கேட்டார்.

“நல்லாயிருக்கு பிள்ளை. இதை லண்டனுக்கு அனுப்பு, சித்தப்பாவுக்குப் பிரயோசனப்படும்.”