விண்மீன் மண்டலத்துக்குப் பல்பொடி

நான் ஐந்தாவது படித்த வருஷம், ஒரு சனிக்கிழமை, தாய்மாமன் எங்கள் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி, சாக்கில் சுற்றிய பெரிய அட்டை ஒன்றை இறக்கினார். ஜவ்வாது மலைமேல் தொலைநோக்கி வைத்திருந்த ஆபீசில் அவர் டிரைவர். அட்டையில் ஒரு விண்மீன் மண்டலத்தின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒட்டியிருந்தது. நடுவில் வெளிச்சக் குமிழ். அதிலிருந்து இரண்டு கைகள் சுருண்டு சுருண்டு வெளியே போயின. திங்கட்கிழமை ஆபீசர் அம்மா ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து அதைக் காட்டிப் பாடம் சொல்வாராம். மாமா அதைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"இதும்மேல கை வெச்சீன்னா என் வேலை பூடும், தெரியுதா?"

கை வைக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் வினை வந்தது. அந்த வெளிச்சக் கைகளின் உள்விளிம்பு நெடுக கறுப்புத் திட்டுகள், கோடுகள். மாமாவின் ஜீப்பில் மலை ஏறினால் ஆளே புழுதியாகத்தான் இறங்குவோம்; படத்துக்கும் அதே கதிதான் என்று நினைத்தேன். ஆபீசர் அம்மா பார்த்தால் மாமாவின் வேலை என்ன ஆகும்? ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. கடைசியில் வெள்ளைப் பல்பொடியைத் தண்ணீரில் குழைத்து, கறுப்பு தெரிந்த இடமெல்லாம் விரலால் பூசினேன். காய்ந்ததும் இரண்டு கைகளும் பளிச்சென்று ஆகிவிட்டன. மாமாவைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் தூங்கினேன்.

மறுநாள் ஆபீசர் அம்மா கையில் கடிகாரம் கட்டி வந்தார்; வாத்தியாரே எழுந்து நின்றார். "இந்தக் கைகளுக்குள்ள ஓடுற கறுப்புக் கோடுகளைப் பாருங்க" என்று பிரம்பை நீட்டித் திரும்பியவர் அப்படியே நின்றார். குனிந்து மோந்து பார்த்தார். வகுப்பே பல்பொடியின் கிராம்பு வாசனை.

வாசலில் நின்ற மாமா உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னா ஆச்சுங்கம்மா?"

நான் எழுந்து நின்றேன். "மாமா மேல தப்பு இல்லீங்க. புழுதியா இருந்துச்சு. நான்தான் பல்பொடி பூசினேன்."

ஆபீசர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நீ சொன்னது சரிதான், அது புழுதியேதான்! ஆனா உங்க மாமா ஜீப்புல வந்ததில்ல. அங்கயே தூசியும் வாயுவும் மேகமாட்டம் திரண்டு, பின்னால இருக்கிற வெளிச்சத்தை மறைக்குது. புது நட்சத்திரமெல்லாம் அதுக்குள்ளதான் பொறக்குது."

கைக்குட்டையை நனைத்து என்னிடமே கொடுத்தார். நான் துடைக்கத் துடைக்க ஒவ்வொரு கறுப்புக் கோடாக வெளியே வந்தது. "தோ, இன்னொண்ணு!" என்று பிள்ளைகள் கூவினார்கள். எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியவர் மாமா.

கிளம்பும்போது ஆபீசர் அம்மா என் கன்னத்தைத் தட்டினார். "பத்து வருஷமா அந்தத் தூசி பின்னாலதான் அலையறேன். தூசி இல்லேன்னா எனக்கு வேலையே இல்ல."

எங்கள் பள்ளிக்கூடத்தைப் பெருக்கியது என் அம்மாதான். சாயங்காலம் அவள் வகுப்பைக் கூட்ட வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன்: "யம்மா, அவங்களும் உன்னாட்டம் தூசி வேலைதான்! வாத்தியாரே எந்திரிச்சு நின்னாரு!"

அம்மா நம்பாமல் சிரித்தாள். நானோ பெரியவளானதும் அந்த வேலைக்கே போவது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். அதற்குத் துடைப்பம் தேவைப்படாது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.