கழுத்தைப் பிடித்த சொல்

இங்கிலீஷில் 'வொர்ரி' என்றால் பட்டணத்துக்காரர்களுக்குக் கவலை. எங்கள் யார்க்‌ஷைர் மலையில் அது முதலில் நாய் செய்கிற வேலை, ஆட்டின் கழுத்தைக் கவ்விக் குதறுவது. அதற்கும் முன்னால், பழைய இங்கிலீஷில், கழுத்தை நெரித்துக் கொல்வதற்கே அந்தப் பேர். மனசை அரிப்பதெல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட அர்த்தம். பக்கத்துப் பண்ணை ஐவி ஃபாசெட்டுக்கு எல்லாம் ஒன்றுதான். கவலை வந்தால் அவள் கை தானாகக் கழுத்துக்குப் போகும்.

புருஷன் செத்த பிறகு அவளுக்கென்று இருந்தது கொஞ்சம் ஆடும், மிர்க் என்கிற நாயும்தான். ஆட்டைக் கடித்த நாயைச் சுட்டுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் தினமும் படுக்கும் முன் மிர்க்கின் சங்கிலியை இழுத்துப் பார்ப்பாள். பாதி மாடிப்படி ஏறியவள் திரும்பி வந்து மறுபடியும் பார்ப்பாள்.

என் மாமனார் ஆம்ப்ரோஸுக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் ராத்திரி எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஐவி பாதியில் எழுந்தாள். சங்கிலி மாட்டினேனா என்று சந்தேகமாம்.

"உக்காரும்மா. உன்கூட இருந்து இருந்து நாய்க்கும் பயம் புடிச்சிருக்கும், எங்க ஓடப்போகுது?" என்றார் மாமனார். எல்லோரும் சிரித்தோம். அவளும் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டாள்.

விடிந்தபோது எங்கள் ஆடுகள் இரண்டு கழுத்து கிழிந்து கிடந்தன. மாமனார் துப்பாக்கியை எடுத்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஐவி முற்றத்தில் நின்றாள், கை கழுத்தில்.

"நேத்து நான் வீட்டுக்கு வந்தப்ப சங்கிலி அவுந்து கிடந்துச்சு, ஆம்ப்ரோஸ்," என்று அவளே சொன்னாள்.

"அது வாயைத் தொறந்து பாரு," என்றார் மாமனார்.

வேறு யார் கை வைத்தாலும் கடிக்கும். அவள் மண்டியிட்டு விரலை விட்டாள். கடைவாய்க்குப் போனதும் விரல் நின்றது, முகம் வெளுத்தது. ஒன்றுமில்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். பாவி, பொய் சொல்லத் தெரியாதவள்.

"இருக்கு," என்றாள்.

உள்ளங்கையில் ஈரமாய் ஒரு கொத்து ஆட்டு ரோமம். அதில் நீலச் சாயம். எங்கள் ஆடுகளின் கழுத்தில் அடையாளத்துக்குப் பூசுகிற நீலம்.

மாமனார் அதைப் பார்த்தார். பிறகு துப்பாக்கிக்குள் இருந்த தோட்டாவை வெளியே எடுத்தார்.

"நீ எந்திரிச்சியே. நான்தானே உக்கார வெச்சேன்," என்றார். "கட்டிப் போடு. யார்கிட்டயும் மூச்சு விடாத."

இப்போதெல்லாம் இருட்டினதும் மாமனார்தான் வயலைத் தாண்டிப் போய்ச் சங்கிலியை இழுத்துப் பார்க்கிறார். வந்து சாப்பிட உட்கார்ந்தவர் மறுபடி எழுந்து போகிறார். நாங்கள் யாரும் சிரிப்பதில்லை.