பயப்படத் தெரிந்த மஜீத் பாய்

ரங்கூனின் போட்டாதாங் படகுத்துறையில் லாரிக்குச் சரக்கு ஏறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இப்போதெல்லாம் போன் அடித்தால் எடுக்கவே யோசிக்கிறேன். சிப்பாய்கள் யாரை எங்கே நிறுத்திவிட்டார்களோ, எந்தப் பாதை மூடிவிட்டதோ என்றுதான் முதலில் தோன்றும். பேசியது ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினிலிருந்து மஜீத் பாயின் மகள். பாதி பர்மீயமும் பாதி தமிழுமாகச் சொன்னாள்: "மாமா, வாப்பா மவுத்தாயிட்டாங்க. லுஹர் தொழுதுட்டு உக்காந்தாங்க. அப்படியே சாஞ்சுட்டாங்க."

பதினோரு வருடம் நானும் பாயும் ஒரே லாரிக்குக் கூட்டாளிகள். அமெரிக்காவில் ஓடிக் களைத்து ரங்கூனுக்கு வந்து சேர்ந்த பதினெட்டுச் சக்கர வண்டி. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில் தூங்குவோம். வண்டிக்காரர்கள் அவரைப் 'பயந்தாங்கொள்ளி பாய்' என்பார்கள். பொய்யில்லை. பாலம் வந்தால் இறங்கிப் பார்ப்பார். துப்பாக்கியைக் கண்டால் அவருக்கு உதடு காய்ந்துவிடும். அவரைத் தெரிந்த உங்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. நான் சொல்ல வந்தது ஏசி வாங்கிய கதை.

வடக்கே போனால் பட்டாளத்தின் சோதனைக் கேட்டில் ஒரு நாள், இரண்டு நாள் நிற்க வேண்டியிருக்கிறது. குளிர்காற்றுக்காக இஞ்சினை ஓடவிட்டால் டீசல் தீர்ந்துவிடும், வழியில் கிடைக்காது. அதனால் படுக்கைக்குத் தனி ஏசி வைக்க முடிவு செய்தோம். லான்மடாவ் பகுதிக் கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, சின்ன டீசல் இஞ்சினோடு வண்டியின் அடிச்சட்டத்தில் பூட்டுவது. கொஞ்சம் டீசலில் இரவு பகலாக ஓடும். மற்றது பேட்டரியில் ஓடுவது. ஏழெட்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். எனக்கு டீசல்தான் பிடித்தது. பாய் அந்தக் கடைக்கு நான்கு நாள் நடந்தார். கடைக்காரர் சலித்துப்போய், "என்ன பாய், ஏசி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார்.

ஐந்தாம் நாள் டீசல் ஏசியைப் பூட்டிப் பார்க்கச் சொன்னார். அதன் புகைக்குழாயின் வாய்க்குப் பக்கத்தில் தரையில் சாம்பிராணியைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுக்கையில் போய் உட்கார்ந்தார். கால் மணி கழித்து இறங்கி வந்தார். "முருகேசு, உள்ள வாசம் வந்துடுச்சு. குளிர்காத்துக் குழாய் நுழையுற ஓட்டை வழியா வருது."

"ரப்பர் வச்சு அடைச்சா போச்சு."

"இன்னைக்கு அடைப்ப. இந்த ரோட்டுக் குலுக்கல்ல நாளைக்கு விட்டுரும். சாம்பிராணிக்கு வாசம் இருக்கு. அந்தப் புகையில வர்ற நஞ்சுக்கு வாசமும் இல்ல, நிறமும் இல்ல. பயமா இருந்தா பாத்துட்டுத்தான் படுக்கணும்."

கடைக்காரர் முன்னால் அவரைக் கோழை என்றேன். அவர் பணத்தை எண்ண ஆரம்பித்தார். பேட்டரி ஏசியைத்தான் வாங்கினோம்.

அந்தக் கோடையில் மெய்க்தீலா ஊரைத் தாண்டி ஒரு கேட்டில் நின்றோம். உச்சி வெயிலில் பேட்டரி ஓய்ந்துவிட்டது. லாரிக்கு அடியில் நிழலில் கிடந்து நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் நின்ற வண்டியில் டீசல் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன. பாய் எழுந்து போய்க் கதவைத் தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார். பிறகு வந்து சக்கர ஸ்பேனரை எடுத்தார். ஐம்பது அடி தூரத்தில் சிப்பாய்கள் நின்றார்கள்.

"பாய், சத்தம் கேட்டா சுட்டுருவானுங்க. விட்டுருங்க."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ கையத் தூக்கிக்கிட்டு அவங்க கண்ணுல படுற மாதிரி நில்லு."

நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி நொறுங்கியது. இரண்டு துப்பாக்கிகள் என் நெஞ்சுக்கு நேரே திரும்பின. எனக்கு லுங்கி நனைந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பாய் பர்மீயத்தில், "ஆள் சாகிறான், ஆள் சாகிறான்" என்று கத்தினார். சிப்பாய்கள் ஓடி வந்தார்கள். உள்ளேயிருந்த டிரைவரை வெளியே இழுத்துப் போட்டபோது தலை தொங்கியது. வெகுநேரம் கழித்து டயர் ஓரம் வாந்தி எடுத்தான். தன் பேரைச் சொல்ல அவனுக்கு மாலை ஆயிற்று. பிழைத்துவிட்டான்.

பாய் ஸ்பேனரைக் கீழே போட்டார். தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "லாஷியோ ரோட்டுல ஒரு தடவ நான்தான் கதவத் திறந்தேன். உள்ள எங்க காக்கா. தூங்குற மாதிரியே இருந்தாக, மூச்சுதான் இல்ல." காக்கா என்பது அவருடைய அண்ணன். அத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்கு அது தெரியாது. அன்றைக்கும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பயம்தான். வரிசையில் கண்ணாடி மூடிய வண்டியைக் கண்டால் இறங்கிப் போய்த் தட்டுகிறேன். தூக்கம் கெட்டவர்கள் என் தாயை இழுத்துத் திட்டுகிறார்கள். அந்தத் திட்டு காதில் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.